காது வில்லையும் ஆறு நாள் காத்திருப்பும்: எதற்கு இந்த விதிகள்?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது: "பதினைந்து மாடும் நாற்பது ஆடும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முகம் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படியிருக்கக் காதில் வில்லை, எண், பதிவேடு எல்லாம் எதற்கு? ஒரு மாட்டை வாங்கி வந்தால் சில நாளைக்குப் பண்ணையிலிருந்து எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறதாம். இது நோய்த் தடுப்பா, கணக்கெடுக்க ஒரு சாக்கா?"

நோய்த் தடுப்புதான். உங்கள் சந்தேகத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மாட்டை உங்களுக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நெற்றிச் சுட்டி, கொம்பின் வளைவு, நடை என்று நூறு அடையாளம் வைத்திருப்பீர்கள். மாடு உங்கள் கையை விட்டுப் போன பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. விற்று ஐந்து நாள் ஆகிறது. இடையில் இரண்டு கை மாறிவிட்டது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவருடைய தொழுவத்தில் அது எச்சில் வடித்துக்கொண்டு, தீனி எடுக்காமல், காலை உதறிக்கொண்டு நிற்கிறது. அங்கே வந்த மருத்துவருக்கு இப்போது மூன்று விஷயம் உடனே தெரிந்தாக வேண்டும். கடந்த பதினான்கு நாளில் இந்த மாடு எங்கெல்லாம் நின்றது? அங்கெல்லாம் பக்கத்தில் எவை நின்றன? அவை இன்று எங்கே? உங்கள் ஞாபகம் அவருக்குக் கிடைக்காது. எண்ணும் தேதியும் எழுதியிருந்தால் மட்டுமே கிடைக்கும்.

இதை உலகத்துக்கே பாடமாகக் காட்டியது 2001-ல் இங்கிலாந்தில் வந்த கோமாரி, அதாவது வாயிலும் காலிலும் கொப்புளம் போடும் வைரஸ் நோய். அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று எசெக்ஸ் பகுதி இறைச்சிக்கூடம் ஒன்றில், வெட்ட வந்திருந்த பன்றிகளிடம் கொப்புளம் தெரிந்தது. மறுநாள் கோமாரி என்று உறுதியானது. பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால், மூலம் நாட்டின் வடகோடியில் நார்தம்பர்லேண்டில் ஒரு பன்றிப் பண்ணை. சரியாக வேகவைக்காத எச்சில் தீனி வழியாக வைரஸ் அங்கே நுழைந்திருக்க வேண்டும் என்பது விசாரணையில் வந்த முடிவு. கோமாரி பிடித்த பன்றி மூச்சுக்காற்றில் வைரஸை அள்ளி வெளியே விடும். அது காற்றோடு பக்கத்துப் பண்ணைச் செம்மறிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

பன்றிப் பண்ணையோடு நின்றிருந்தால் ஒரு சிறிய செய்தியாக முடிந்திருக்கும். அந்தப் பக்கத்துப் பண்ணையிலிருந்து பதினாறு செம்மறிகள் பிப்ரவரி 13 அன்று ஹெக்சம் சந்தைக்குப் போயின. அங்கே வாங்கிய வியாபாரி வழியாக, இரண்டே நாளில் சில ஆடுகள் லாங்டவுன் என்ற பெரிய சந்தைக்குப் போய்விட்டன. லாங்டவுனிலிருந்து நாட்டின் நான்கு மூலைக்கும் லாரிகள் கிளம்பும். செம்மறிக்குக் கோமாரி வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. லேசாக நொண்டும், வாயில் சின்னப் புண் இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும். பார்ப்பவர்களுக்கு அது நல்ல ஆடு. மாடுகளுக்கு 1996 முதலே பாஸ்போர்ட் என்ற அடையாளச் சீட்டு இருந்தது, ஆடுகளுக்கோ தனி எண் இல்லை. சந்தைக்கு வெளியே வாசலிலேயே நடந்த பேரங்களுக்குச் சீட்டே கிடையாது. எந்த ஆடு எந்த லாரியில் ஏறியது என்று கேட்டால் வியாபாரியின் ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

நாடு முழுக்கக் கால்நடை நடமாட்டம் நிறுத்தப்பட்டது பிப்ரவரி 23 அன்று. ஆனால் முதல் நோய் உறுதியாவதற்கு முன்பே குறைந்தது 57 பண்ணைகளில் வைரஸ் புகுந்துவிட்டிருந்தது என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. செப்டம்பர் 30 அன்று கடைசி நோய் பதிவானபோது பாதிக்கப்பட்ட பண்ணைகள் 2,026. கொல்லப்பட்ட கால்நடைகள் அறுபது லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி நோய் வந்தவை அல்ல. பக்கத்தில் இருந்தவை, தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவை, தடையால் தீனி இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவை. எது தொடர்பில் இருந்தது, எது இல்லை என்று துல்லியமாகத் தெரியாதபோது வலையை அகலமாக விரிக்க வேண்டியதாகிவிடுகிறது. பதிவு இல்லாததற்கான விலையைக் கடைசியில் நல்ல மந்தைகளும் கொடுத்தன.

அதே நாட்டில் 2007 ஆகஸ்ட் 3 அன்று சர்ரே மாவட்டத்தில் மறுபடி கோமாரி. பிர்பிரைட் ஆய்வு வளாகத்தின் கழிவுநீர்க் குழாயிலிருந்து வைரஸ் கசிந்திருந்தது. இம்முறை உறுதியான அன்றே நாடு முழுக்கத் தடை போட்டார்கள். மொத்தம் எட்டுப் பண்ணைகளோடு முடிந்தது. எல்லாப் புகழையும் விதிகளுக்கே கொடுத்துவிட முடியாது. இம்முறை வைரஸ் சந்தையை எட்டவில்லை, அதுதான் பெரிய அதிர்ஷ்டம். ஆனாலும் அன்றே செய்வதையும் மூன்று நாள் கழித்துச் செய்வதையும் ஒரே தடை என்று சொல்ல முடியாது.

சரி, அந்தக் காத்திருப்பு நாளுக்கு வருவோம். கிருமி உடம்பில் புகுந்ததற்கும் அறிகுறி தெரிவதற்கும் இடையில் ஒரு இடைவெளி உண்டு. கோமாரிக்கு அது இரண்டு நாளிலிருந்து பதினான்கு நாள் வரை. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். திங்களன்று ஒரு சந்தையில் வாங்கி, புதனன்று இன்னொரு சந்தையில் விற்று, வெள்ளியன்று மூன்றாவது ஊருக்குப் போகும் ஆடு, மூன்று இடத்திலும் கிருமியை இறக்கிவிட்டு, நோய் வெளிப்படும்போது நான்காவது இடத்தில் இருக்கும். இந்தச் சங்கிலியை அறுப்பதற்குத்தான் நிறுத்தி வைக்கும் விதி. 2001-க்குப் பிறகு இங்கிலாந்தில் முதலில் இருபது நாள் என்றார்கள். பண்ணைக்காரர்கள் கொதித்துப் போனார்கள், வியாபாரமே நின்றுவிடும் என்றார்கள். 2003-ல் மாடு, செம்மறி, வெள்ளாட்டுக்கு ஆறு நாளாகக் குறைத்தார்கள். பண்ணைக்குப் பன்றி வந்தால் அங்குள்ள பன்றிகளுக்கு இருபது நாள் என்பது அப்படியே இருக்கிறது. ஆறு நாளில் எல்லா நோயும் தெரிந்துவிடாது என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரியும். ஆறு நாள் என்றால் மக்கள் கடைப்பிடிப்பார்கள், இருபது நாள் என்றால் ஏமாற்றுவார்கள். கடைப்பிடிக்கப்படும் ஆறு நாள்தான் மேல் என்பது என் கட்சி.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று இருக்கிறது. புதிதாக வந்த மாட்டை மட்டும் கட்டிப்போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு உருப்படி உள்ளே வந்தால் அந்தப் பண்ணையின் மற்ற மாடு, ஆடு எதுவும் அந்த நாள்கள் முடியும் வரை வெளியே போகக் கூடாது, ஏனென்றால் புதியது வந்த முதல் இரவிலேயே பழையவற்றுக்குக் கிருமியைக் கொடுத்திருக்கலாம். ஆனால் நேராக இறைச்சிக்கூடத்துக்குப் போவதற்கு விலக்கு உண்டு. அங்கே போனது வேறெங்கும் போகாது அல்லவா.

இப்போது தனி எண் எதற்கு என்ற கேள்வி. கோமாரி, ஆட்டுக்கொல்லி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மாதிரி வேகமான நோய்களுக்கு உண்மையில் தனித்தனி எண் அவ்வளவு முக்கியமில்லை. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை உருப்படி போனது என்று தெரிந்தால் போதும். ஒன்றுக்கு வந்தால் மந்தைக்கே வந்த மாதிரிதான். பன்றிகளுக்குப் பல நாடுகளில் மந்தை எண்ணை மட்டும் பச்சை குத்தி அனுப்புவது அதனால்தான். மெதுவான நோய்களின் கதை வேறு. மாட்டுக் காசநோய் உள்ளே இருந்துகொண்டே பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் வெளியே தெரியாது. பைத்தியப் பசு நோய் என்று பத்திரிகைகள் எழுதிய மூளை நோய் தெரியவர சராசரியாக நான்கு ஐந்து வருடம். அப்படி ஒரு மாடு சிக்கினால், அது பிறந்த மந்தையில் அதற்கு ஒரு வருடம் முன்னும் பின்னும் பிறந்து அதே தீவனத்தைத் தின்று வளர்ந்த கன்றுகளை எல்லாம் தேடிப் பிடிக்க வேண்டும். ஐந்து வருடத்தில் அவை எங்கெங்கோ போயிருக்கும். பிறப்பிலிருந்து இறப்பு வரை மாறாத ஒரு எண் இல்லாமல் இது நடக்கவே நடக்காது. ஐரோப்பிய ஒன்றியம் கன்று பிறந்த 20 நாளுக்குள் இரண்டு காதிலும் ஒரே எண் கொண்ட வில்லை என்று கட்டாயமாக்கியதற்குப் பின்னால் இருப்பது இந்த நோய்தான். இரண்டு எதற்கு என்றால், ஒன்று வேலியில் மாட்டி அறுந்தாலும் மற்றது பேசும்.

மாட்டுக்கு எண் கொடுத்துவிட்டு இடத்துக்கு எண் கொடுக்க மறந்தால் பாதி வேலைதான் ஆனது. பிரிட்டனில் ஒவ்வொரு பண்ணைக்கும், சந்தைக்கும், இறைச்சிக்கூடத்துக்கும் மாவட்டம், வட்டாரம், பண்ணை என்று சேர்த்து ஒன்பது இலக்க எண் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு குறியீடு இல்லாமல் கால்நடை வைத்திருக்கவே முடியாது. அங்கே 2005-லேயே மாடுகளுக்கு மின்னணு வில்லையை நாடு முழுக்கக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 2025-லிருந்து புதிதாகப் பிறக்கும் செம்மறி, வெள்ளாட்டுக்கும் அதுதான். மாட்டின் எண், இடத்தின் எண், நகர்ந்த தேதி ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் பயன்படாது. வில்லை மட்டும் குத்திவிட்டுக் கைமாறியதைப் பதிவு செய்யாத ஊரில் அது வெறும் தோடு.

மின்னணு வில்லை பற்றி ஒரு வதந்தி ஓடுகிறது: அது மாடு எங்கே மேய்கிறது என்று அரசாங்கத்துக்குக் காட்டிக்கொடுக்குமாம். காட்டாது. அதற்குள் பேட்டரியே கிடையாது. படிக்கும் கருவியைக் கிட்டத்தில் கொண்டுபோனால், அதன் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலிருந்து சக்தி எடுத்துக்கொண்டு தன் பதினைந்து இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கம் நாட்டையோ தயாரித்தவரையோ குறிக்கும். ஒரு மீட்டர் தள்ளிப் போனாலே பல கருவிகளுக்கு எட்டாது. நூறு ஆடு ஓடும் குறுகிய பாதையில், குனிந்து காதைப் பிடித்து அழுக்கைத் துடைத்து எண் படிக்கிற வேலையை மிச்சப்படுத்துகிறது. கையால் எழுதும்போது 1 என்பது 7 ஆவதைத் தடுக்கிறது. என் அனுபவத்தில் பதிவேட்டுப் பிழைகளில் பெரும்பாலானவை திருட்டுத்தனம் இல்லை, கையெழுத்துதான். நீளமான வில்லை எண்ணை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒருவர் நான்கு நான்காகச் சொல்ல, எழுதுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

வில்லை குத்துவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வில்லை குத்தினால் காது புண்ணாகிறது" என்ற புகார் பெரும்பாலும் இடம் தப்பிக் குத்தியதால் வருவது. காதைத் தடவிப் பாருங்கள். குறுக்கே தடித்த இரண்டு குருத்தெலும்பு வரம்பு விரலுக்குத் தட்டுப்படும். அந்த இரண்டு வரம்புக்கும் நடுவில், காதின் நடுப்பகுதியில்தான் ஊசி இறங்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே காதைப் பிடித்தால் ரத்தநாளம் ஓடுவது தெரியும், அதைத் தவிர்த்துவிடலாம். நுனிக்குப் போனால் ஒரு வருடத்தில் கிழியும். வரம்பின் மேல் குத்தினால் சீழ் வைக்கும். ஊசியைக் கிருமிநாசினியில் நனைத்து, ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். தயங்கித் தயங்கி அமுக்கினால் மாடு தலையை உதறி, பாதியில் கிழித்துக்கொள்ளும். கன்றின் காது வளரும், தடிக்கும். வில்லைக்கும் தோலுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். ஈ மொய்க்கிற பருவத்தில் குத்தினால் ஒரு வாரம் தினமும் பாருங்கள்.

இந்தியாவிலும் எண் வந்தாகிவிட்டது. 12 இலக்கம் கொண்ட மஞ்சள் வில்லை. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரிக்கும், கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லோசிஸ் நோய்க்குமான தடுப்பூசிகள் அந்த எண்ணில்தான் பதிவாகின்றன. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. நோய் இருக்கும் பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து, அங்கிருந்து கால்நடை நகர்வதையும் சந்தை கூடுவதையும் நிறுத்த அது அதிகாரம் தருகிறது. சந்தேகம் வந்தால் தெரிவிக்கும் கடமையை உரிமையாளர் மேல் வைக்கிறது. தோல் கழலை நோய் 2022-ல் பரவியபோது பல மாநிலங்களில் மாட்டுச் சந்தைகள் மூடப்பட்டது நினைவிருக்கும். எண் கொடுப்பதில் இருக்கும் வேகம் கைமாற்றத்தைப் பதிவு செய்வதில் இல்லை என்பது என் கருத்து. மாடு விற்றாகிவிடும், எண் மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும்.

அந்தத் தோல் கழலை நோயே இந்த விதிகளின் எல்லையையும் காட்டுகிறது. அதைச் சுமப்பது ஈ, கொசு, உண்ணி. அவற்றுக்கு வில்லை குத்த முடியாது. கோமாரி வைரஸ்கூட 1981-ல் பிரான்சின் பிரிட்டனிக் கரையிலிருந்து காற்றில் கடலைத் தாண்டி இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் போயிருக்கிறது. ஆனால் பூச்சி ஒரு நாளில் கடக்கும் தூரம் சில கிலோமீட்டர். லாரி ஒரே இரவில் ஒரு மாநிலத்தையே தாண்டிவிடும். நெருப்புப் பொறியைத் தூரமாகத் தூக்கிக்கொண்டு போவது பெரும்பாலும் லாரிதான். நோய் கண்ட பண்ணையைச் சுற்றி ஐரோப்பாவில் 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வட்டம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வட்டம் போடுவார்கள். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில், 1988-க்குப் பிறகு முதல் முறையாக, ஒரு எருமை மந்தையில் கோமாரி வந்தபோதும் அதைத்தான் செய்தார்கள். வட்டத்துக்கு உள்ளே எவை, வெளியே எவை என்று உடனே சொல்ல முடிந்தால்தான் வட்டத்துக்கு அர்த்தம்.

கால்நடைப் பயணமும் நோயும் சேர்ந்து ஓடுவது ரொம்பப் பழைய கதை. 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அவற்றோடு, மாடுகளைக் கூட்டமாகக் கொல்லும் வெக்கை நோயும் இறங்கி ஐரோப்பாவை உலுக்கியது. அந்த அதிர்ச்சியில் 1924 ஜனவரி 25 அன்று 28 நாடுகள் பாரிஸில் கூடி ஒரு ஒப்பந்தம் போட்டன. இன்றைய உலகக் கால்நடை நல அமைப்பு பிறந்தது அப்படித்தான். அந்த வெக்கை நோய் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக 2011-ல் அறிவித்தார்கள்.

இனி உங்கள் சந்தேகத்தின் நியாயம். நோயைச் சொன்னால் மந்தையே போகும், இழப்பீடு வராது, வந்தாலும் வருடக்கணக்கில் அலைய வேண்டும் என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரவோடு இரவாக மாட்டை விற்றுவிடத்தான் பார்ப்பார்கள். அதைவிட வேகமாக நோயைப் பரப்பும் வழி இல்லை. அதேபோல, ஒரு மூலையில் நோய் என்றதும் மாநிலம் முழுக்கச் சந்தையை மாதக்கணக்கில் மூடினால், வியாபாரம் நிற்காது, கண்ணுக்குத் தெரியாத பாதைக்குப் போய்விடும். பதிவுச் சீட்டு இல்லாத அந்தப் பாதையில்தான் 2001 நடந்தது. ஆகவே விதி போடுபவர்களிடம் இழப்பீட்டையும், தடை எப்போது நீங்கும் என்ற தேதியையும் கேட்பது உங்கள் உரிமை. வில்லையே வேண்டாம் என்று நிற்பதைவிட அதைக் கேட்டு நிற்பது உங்களுக்கே உதவும்.

கடைசியாக, சட்டம் இருக்கிறதோ இல்லையோ, அடுத்த மாட்டை வாங்கும்போது இப்படிச் செய்து பாருங்கள். லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பே வில்லை எண்ணையும் சீட்டிலிருக்கும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இறக்கிய பிறகு பேசுவது கஷ்டம். தேதி, விற்றவர், எந்தச் சந்தை வழியாக வந்தது, லாரி எண் எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். லாரி எண்ணை யாரும் எழுதுவதில்லை, ஆனால் முன்னால் அதில் ஏறியவை எவை என்று தேட அதுதான் வழி. புதியதை மூன்று வாரமாவது தனிக் கொட்டகையில், தனி வாளி, தனித் தொட்டியோடு கட்டுங்கள். மூக்கும் மூக்கும் தொடாத தூரம் வேண்டும். தினமும் பழைய மாடுகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள். லாரிக்காரர் கிருமிநாசினி தெளித்தேன் என்றால் சாணம் கழுவினீர்களா என்று கேளுங்கள். சாணம் ஒட்டியிருக்கும் பலகையில் எந்த மருந்தும் வேலை செய்யாது. நன்றாகக் கழுவிய பிறகு தெளித்தால் நான்கு சதவீதச் சலவைச் சோடாக் கரைசலே கோமாரி வைரஸைக் கொல்லும்.

வில்லை விழுந்துவிட்டால் செத்த மாட்டின் வில்லையை எடுத்து மாட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் காசு மிச்சம் என்று அப்படிச் செய்து, பதிவேட்டில் இரண்டு வருடம் முன்பே இறந்துபோன பசுவை விற்க முடியாமல் ஆறு மாதம் அலைந்தார்.